பிரிவு எதுவென்று ஓராண்டு கழித்துச் சொல்லட்டும்

பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் எங்கு பார்த்தாலும் ஒரே காட்சிதான். கணினி முன் கடைக்காரர். பக்கத்து நாற்காலியில் பிளஸ் டூ முடித்த பெண்ணோ பையனோ. பின்னால் நின்றபடி அப்பா. அலைபேசியின் மறுமுனையில் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் சித்தப்பா. “முதல்ல சிஎஸ், அப்புறம் ஐடி, கிடைக்கலைன்னா ஈசிஈ” என்கிறார் அவர். “மெக்கானிக்கலை இப்ப யாரு சார் எடுக்கிறா?” என்று கடைக்காரரும் தன் பங்குக்குச் சொல்லிவைக்கிறார். காலையிலிருந்து எத்தனையோ பேருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர், அவருக்கும் ஒரு கருத்து இருக்காதா? கல்லூரிக்கு ஓர் எண், பிரிவுக்கு இரண்டெழுத்து என்று திரையில் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. படிக்கப்போகிறவர்தான் அங்கே குறைவாகப் பேசுகிறார்.

அவர் பேசாததில் வியப்பில்லை. பிளஸ் டூவில் அவர் படித்தது கணிதம், இயற்பியல், வேதியியல். சிவில் என்றால் கட்டடம், மெக்கானிக்கல் என்றால் எந்திரம், ஈஈஈ என்றால் மின்சாரம் என்ற அளவுக்குத் தெரியும். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற பிரிவுக்கும் வெறும் கணினி அறிவியலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், அவருக்கு மட்டுமல்ல, பட்டியல் போடுகிற யாருக்கும் சட்டென்று பதில் வராது. ஆனாலும் சில நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டி வரும் 200க்கான கட்-ஆஃபில் அரை மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் பிரிவு மாறிவிடும். அந்த அரை மதிப்பெண் தீர்மானித்ததைத்தான் பிறகு வாழ்நாள் முழுக்க ‘நான் எடுத்துப் படித்தது’ என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்பு இது இன்னும் கடுமையாக இருந்தது. 2018இல் இணையவழிக்கு மாறும்வரை மாணவர்கள் குடும்பத்தோடு பஸ் ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து, திரையில் ஓடும் காலியிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டே நிமிடக் கணக்கில் முடிவெடுத்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம். 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வை நடத்துகிறது. உதவி மையங்கள் இருக்கின்றன. நடைமுறை எவ்வளவோ எளிதாகிவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: பார்க்காத ஒன்றைப் பதினேழு வயதில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்த அவசரத்துக்குப் பாடத்திட்டத்தில் ஏதாவது காரணம் உண்டா என்று தேடினால், விடை சிரிப்பை வரவழைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 விதிமுறைப்படி முதல் பருவத்தில் எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாடங்கள்தான். ஆங்கிலம், அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், பைத்தான் நிரலாக்கம், தமிழர் மரபு. சிவில் மாணவரும் பைத்தான் எழுதுகிறார், கணினி மாணவரும் வேதியியல் படிக்கிறார். இரண்டாம் பருவத்தில் பொறியியல் வரைபடம் வருகிறது. கூடவே ஒரு பொதுவான செய்முறைக்கூடமும் உண்டு. குழாய் இணைப்பது, மரவேலை, வீட்டு வயரிங், வெல்டிங், லேத், சாலடரிங் என்று சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நான்கையும் எல்லா மாணவரும் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் அது.

அதாவது, எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தேவையான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. முடிவெடுத்து முடித்த பிறகு அதைக் காட்டுகிறோம், அவ்வளவுதான். லேத்தில் நின்ற அன்று மெக்கானிக்கல் மேல் ஆசை வந்த ஐடி மாணவர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். அந்த ஆய்வக நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவார்.

தமிழ்நாட்டில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. குரோம்பேட்டையில் சி.ராஜம் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்கு 1950களின் நடுவில் ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்திருந்தார். இயற்பியல் தனக்கான பாடமில்லை என்பதை அவர் உணர்ந்தது பட்டம் வாங்கியதற்கு அப்புறம்தான். பி.எஸ்சி. சேரும்போது வேறு படிப்புகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்காக அக்கா சோஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த வளாகத்தில் செயல்முறை விளக்கத்துக்காகப் பயன்பாட்டிலிருந்து நீக்கிய இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்த இளைஞர் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். முதலாண்டு முடிந்ததும் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். யோசிக்காமல் விமானப் பொறியியல் என்று சொன்னார். அவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கும் செய்தி இது.

கலாமின் கதையை மேடைதோறும் சொல்கிறோம்; செய்தித்தாள் போட்டதையும் கனவு காணச் சொன்னதையும் சொல்கிறோம். பிரிவைச் சொல்ல அவருக்கு ஓராண்டு கொடுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று அந்தக் கல்லூரி பட்டதாரிகளைத்தான் சேர்த்தது, எனவே அவருக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தது. இன்றைய மாணவருக்குப் பதினேழுதான். அப்படியானால் அவகாசம் யாருக்குக் கூடுதலாகத் தேவை?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த அவகாசமே முறை. அங்கே சேரும்போது பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில்தான் சேர்கிறார்கள், துறையில் அல்ல. ‘அன்டிக்ளேர்டு’, அதாவது இன்னும் அறிவிக்காதவர் என்ற நிலையில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் இருக்கலாம். அதில் அவமானம் ஏதும் இல்லை. அதற்குள் பொருளாதாரம் ஒன்று, உயிரியல் ஒன்று, வரலாறு ஒன்று என்று எடுத்துப் பார்த்து, பிறகு ஒரு துறையில் போய்ப் படிவம் நிரப்பி ‘என் மேஜர் இது’ என்று முறைப்படி அறிவிக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தத் துறையின் ஆசிரியர் ஒருவர் ஆலோசகராகிறார். ஸ்டான்ஃபோர்டில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். மாசசூசெட்ஸில் இருக்கும் எம்ஐடியில் முதலாண்டின் இறுதியில். ஹார்வர்டில் முன்பு முதலாண்டு முடிவிலேயே சொல்ல வேண்டியிருந்தது. அது சீக்கிரம் என்று கருதி, 2006இல் ஆசிரியர்கள் வாக்களித்து இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதிக்குத் தள்ளினார்கள். உலகமே அவசரப்பட்ட காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்றே தாமதத்தைத் தேர்ந்தெடுத்தது.

இது ஒரே நாளில் வந்த முறையல்ல. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கட்டாயப் பாடங்களை ஏறக்குறைய எல்லாமே நீக்கிப் பார்த்தார். நாற்பது ஆண்டுகளில் அது எல்லை மீறியது. எளிதான பாடங்களாகப் பொறுக்கியெடுத்துப் பட்டம் வாங்கிப் போனவர்கள் பெருகினார்கள். 1909இல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் கொஞ்சம் அகலம் என்று கடிவாளம் போட்டார். ‘மேஜர்’, ‘மைனர்’ என்ற பெயர்கள் அதற்கு முன்பே, 1870களின் இறுதியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புழக்கத்துக்கு வந்திருந்தன. கட்டுப்பாடில்லாத சுதந்திரம், முழுக் கட்டாயம் இரண்டையும் பார்த்துவிட்டு இடையில் வந்து நின்ற ஏற்பாடு இது.

அவகாசம் கொடுத்தால் தடுமாறுவார்கள் என்று நம் பெற்றோர் அஞ்சுவதுண்டு. தடுமாறத்தான் செய்கிறார்கள். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட கணக்கில், இளங்கலைப் படிப்பில் சேர்ந்து மேஜரை அறிவித்தவர்களில் 33 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒருமுறை அதை மாற்றியிருந்தார்கள். முதலில் கணிதம் என்று சொன்னவர்களில் பாதிக்கு மேல், 52 விழுக்காட்டினர், வேறு துறைக்குப் போயிருந்தார்கள். இதைக் குழப்பம் என்று படிக்கலாம். பள்ளியில் மதிப்பெண் வாங்கித் தந்த கணிதம் வேறு, கல்லூரியில் நிறுவல் எழுதும் கணிதம் வேறு என்று உள்ளே போனபிறகு தெரிந்துகொண்டார்கள் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே சரியென்று தோன்றுகிறது. நம் ஊரில் மட்டும் அந்தப் பாதிப்பேர் இல்லையா? இருக்கிறார்கள். மாற வழியில்லாததால் கணக்கில் வருவதில்லை, நான்கு ஆண்டு அரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பொருளாதார ஆய்வாளர் ஓஃபர் மலமுட் ஒரு நல்ல ஒப்பீட்டைச் செய்தார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாட்டுக்குள் இருப்பவை. வேலைச் சந்தையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போதே பாடத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்துவிட்டுப் பிறகு ஒன்றில் ஊன்றுவது வழக்கம். படித்த துறைக்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போனவர்கள் எங்கே அதிகம் என்று பார்த்தார். முன்கூட்டியே முடிவு செய்த இங்கிலாந்தில்தான் அதிகம். சிவில் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் பல்லாயிரம் தமிழ் இளைஞர்களுக்கு இந்த ஆய்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இது நடக்காது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் நடந்துகொண்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011இல் தொடங்கிய நான்காண்டு இளங்கலை அறிவியல் படிப்பில் முதல் மூன்று பருவங்கள் எல்லோருக்கும் பொது. உயிரியல் பிடிக்காதென்று வந்தவரும் உயிரியல் படிக்கிறார். அதன்பிறகுதான் மேஜர். 2006 முதல் தொடங்கப்பட்ட, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும் முதல் இரண்டு ஆண்டுகளைப் பொதுவாக வைத்தே ஐந்தாண்டுப் படிப்பை வகுத்தன. அவற்றிலொன்று நமக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே இருக்கிறது. ஆக, நாட்டின் முதல்தர அறிவியல் மாணவர்களுக்கு அவகாசம் நல்லது என்று ஏற்றுக்கொண்டாயிற்று. செய்யாறிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு மட்டும் அது தேவையில்லை என்பது எந்த நியாயம்?

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் படித்தார், அமெரிக்காவின் ஓஹையோவில் இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் வாங்கினார். அதற்குமேல் தன் துறை உயிரியல் என்று முடிவு செய்து, சான் டியாகோவில் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலுக்கு. ஒரு மனிதர் இத்தனை முறை துறை தாண்டுவதற்கு இடம் கொடுத்த அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும், பரிசை அல்ல.

எதிர்ப்பக்கத்திலும் கனமான வாதங்கள் இருக்கின்றன. அகலமாகப் படிப்பதே எல்லா நோய்க்கும் மருந்து என்பவர்கள் கும்பகோணத்தைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1904இல் அங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணிதத்தைத் தவிர மற்றவற்றில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். தான் யார் என்று பதினேழு வயதில் உறுதியாகத் தெரிந்த ஒருவரை, எல்லாவற்றையும் படி என்று கட்டாயப்படுத்திய முறை வெளியே தள்ளியது. தெளிவோடு வருகிற மாணவர் எப்போதும் இருப்பார். அவருடைய வழியை அடைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல் கணினி அறிவியல் மேல் இருக்கும் மோகம். அவகாசம் கொடுத்தால் எல்லோரும் கடைசியில் அங்கேயே போய் நிற்க மாட்டார்களா? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அப்படித்தான் ஆனது. அங்கே கலை அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்கள் கணினி அறிவியலை அறிவிக்க, முதல் சில பாடங்களில் 4க்கு 3.3 சராசரி எடுக்க வேண்டுமென்று வரம்பு வைத்தார்கள். கண்டறிவதற்கான காலம் மதிப்பெண் பந்தயமாக மாறியது. கடைசியில் 2023 முதல் அந்த மேஜருக்கு நேரடியாகவே சேர்க்கத் தொடங்கினார்கள். நம் ஐஐடிகளிலும் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாறும் வாய்ப்பு நெடுங்காலமாக இருந்தது. அது மாணவர்களின் மன அழுத்தத்தைக் கூட்டுகிறது என்று சொல்லி அண்மை ஆண்டுகளில் சில ஐஐடிகள் நிறுத்திவிட்டன.

இங்கே தமிழ்நாட்டுக்கென்று கூடுதலாக ஒரு கவலையும் உண்டு. முதல் பருவத்தில் அரசுப் பள்ளியிலிருந்து, தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலப் பாடநூலோடு போராடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்து மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு ஒதுக்கினால், நகரத்து சிபிஎஸ்இ மாணவர் முந்திக்கொள்வார். 2007 முதல் நுழைவுத் தேர்வை நீக்கி, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்து எதைச் சரிசெய்தோமோ, அது கொல்லைப்புற வழியாகத் திரும்பிவரும். இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. தேர்வைத் தள்ளிப்போடலாம், போட்டியைத் தள்ளிப்போட வேண்டாம். தரவரிசை இப்போதுபோல பிளஸ் டூ மதிப்பெண்படியே இருக்கட்டும். 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் 7.5 விழுக்காடும் இம்மி பிசகாமல் இருக்கட்டும். கலந்தாய்வுப் பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் இன்னொரு குறியீட்டை மட்டும் சேர்க்க வேண்டும்: ‘பிரிவு பின்னர்’. ஒவ்வொரு பிரிவிலும் கால் பங்கு இடங்களை அதற்கென ஒதுக்கினால் போதும். உறுதியாகத் தெரிந்தவர் வழக்கம்போல சிஎஸ் என்றோ சிவில் என்றோ போடுவார். தெரியாதவர் ‘பிரிவு பின்னர்’ என்று போட்டுச் சேர்ந்து, பைத்தானையும் லேத்தையும் பார்த்துவிட்டு, முதலாண்டின் முடிவில் விருப்பப் பட்டியலைக் கொடுப்பார். ஒதுக்கீடு நடப்பது பழைய தரவரிசைப்படி. முதலாண்டு மதிப்பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை என்பதால் பந்தயமும் இல்லை. இரண்டாம் பருவத்தில் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும் ஒன்றிரண்டு தாள்களை மூன்றாம் பருவத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். அது ஒரு பாடத்திட்டக் குழு உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

கல்லூரி நிர்வாகங்கள் இதை விரும்பாமல் போகலாம். 2024-25 முதல் ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நீக்கிவிட்டது. பல தனியார் கல்லூரிகளுக்குக் கணினிப் பிரிவுகளைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் வசதி. சந்தை ஏறினால் இடங்களைக் கூட்டுவது, இறங்கினால் துறையையே மூடுவது என்ற இந்தப் போக்கில் மாணவரின் விருப்பம் ஒரு பொருட்டே அல்ல. அதனால் தொடக்கத்தைத் தனியாரிடம் எதிர்பார்க்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளும் சில அரசுப் பொறியியல் கல்லூரிகளும் முன்னால் நடந்து காட்டட்டும். 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த குரோம்பேட்டைக் கல்லூரியை அதில் முதலாவதாக வைக்கலாம்.

பொறியியலோடு இது முடிகிற பிரச்சினையும் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்ததும் பதினைந்து வயதில் எடுக்கும் ‘குரூப்’தான் உண்மையான முதல் பூட்டு. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தவருக்கு அன்றே பல கதவுகள் சாத்தப்படுகின்றன. அதைப் பல பள்ளிகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பெற்றோருக்குக் கட்டளையாகவே சொல்லிவிடுகின்றன. அரசு 2022இல் தொடங்கிய ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகள் நல்ல முயற்சிதான். ஆனாலும் மேடையில் கேட்பது வேறு, ஆய்வகத்தில் நின்று பார்ப்பது வேறு. கலை அறிவியல் கல்லூரிகளிலோ நிலைமை இன்னும் மோசம். வேதியியல் கேட்டு வந்தவருக்குத் தரவரிசையில் தாவரவியல்தான் மிச்சமிருந்தால், மூன்று ஆண்டும் தாவரவியல்தான்.

‘பிரிவு பின்னர்’ என்ற குறியீட்டுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், கூடுதல் இடங்கள் வேண்டாம், மாணவரிடம் கூடுதல் கட்டணமும் வேண்டாம். உயர்கல்வித் துறை அண்ணா பல்கலைக்கழகத்தோடும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தோடும் பேசி, அடுத்த ஆண்டுக் கலந்தாய்வு அறிவிக்கை வருவதற்குள் நான்கைந்து கல்லூரிகளிலாவது இதை நடைமுறைப்படுத்த வேண்டும். மூன்று ஆண்டு நடத்திப் பார்த்து, எத்தனை பேர் எந்தப் பிரிவிலிருந்து எதற்கு மனம் மாறினார்கள் என்ற கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும்.